2000 மணி நேரம் ஆகிவிட்டதா? செஸ்னா 172 எஞ்சின் ஓவர்ஹாலுக்கு முன் பார்க்க வேண்டியவை

"அண்ணா, டேகோ 2000 தொடப்போகுது. ஃபேக்டரி எஞ்சின் வாங்கவா, லோக்கல் ஷாப்ல குடுக்கவா?"

ஹூஸ்டன் பக்கம் சின்னச் சின்ன ஏர்போர்ட்களில் சொந்த விமானம் வைத்திருக்கும் நம்மவர்களிடமிருந்து எனக்கு வரும் ஃபோன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். டேகோ என்பது எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர். விமானம் அனேகமாக 1970களில் வந்த செஸ்னா 172. உள்ளே லைகாமிங் கம்பெனியின் ஓ-320 எஞ்சின். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "எஞ்சினுக்கு இப்ப என்ன குறை?" பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. 2000 மணி நேரம் ஆனதே குறை என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். டிபிஓ என்பது ஓர் ஓவர்ஹாலுக்கும் (எஞ்சினை முழுசாகப் பிரித்துச் சரிசெய்து திரும்பக் கோப்பதற்கும்) அடுத்ததற்கும் இடையில் எஞ்சின் தயாரித்தவர் பரிந்துரைக்கும் காலம். லைகாமிங் தன்னுடைய சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1009ல் அதைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஓ-320 வகையில் பெரும்பாலானவற்றுக்கு 2000 மணி நேரம்; அவ்வளவு ஓடாவிட்டாலும் 12 ஆண்டுகள். அமெரிக்காவில் பார்ட் 91 விதிகளின் கீழ் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை இது சட்டப்படி கட்டுப்படுத்தாது. பார்ட் 135ன் கீழ் வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் கதை வேறு. உங்கள் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் 2000த்தைத் தாண்டியும் ஓட்டலாம். கெட்டுப்போயிருந்தால் 900 மணி நேரத்திலேயே பிரிக்க வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டியது டேகோ இல்லை, எஞ்சினின் நிலைமை.

நிலைமையை எப்படிப் பார்ப்பது?

ஆயில் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடுகிற ஓனரைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஃபில்டர் கட்டர் கொண்டு மேல் மூடியை வெட்டி எடுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைக் கத்தியால் அறுத்து, வைஸில் வைத்து அழுத்தி ஆயிலைப் பிழியுங்கள். பிறகு வெயிலில் விரித்துப் பாருங்கள். நிழலில் தெரியாதது வெயிலில் பளிச்சென்று தெரியும். ஒன்றிரண்டு மின்னும் துகள் இருந்தால் பயப்பட வேண்டாம். ஊசி முனை அளவில் நிறைய இருந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டு போங்கள். ஒட்டினால் இரும்பு, லைகாமிங்கில் அது பல நேரம் கேம் ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு) டாப்பெட்டும் (அதன் மேல் உரசி வால்வைத் தள்ளும் பாகம்) தேய்வதன் அடையாளம். ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம். பிஸ்டனைக் கோத்திருக்கும் பின் என்ற குறுக்குத் தண்டின் முனையில் இருக்கும் பிளக்கைச் சந்தேகப்படலாம். எவ்வளவு துகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று லைகாமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 480 விவரமாகச் சொல்கிறது. அதே புல்லட்டின்தான் 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறது. அந்த நான்கு மாதத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். லைகாமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் ஆயில் கீழே வடிந்து கேம் காய்ந்து போகும். வளைகுடாக் கடற்கரையின் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் சில வாரங்களில் மேலே துருப்பொட்டு விழ ஆரம்பிக்கும். அந்தப் பொட்டுதான் பிறகு டாப்பெட்டின் முகத்தை உளி மாதிரி செதுக்கும். வருஷத்துக்கு 200 மணி நேரம் பறக்கும் எஞ்சினை விட 20 மணி நேரம் பறக்கும் எஞ்சின்தான் என் கைக்குச் சீக்கிரம் வருகிறது.

கேமைச் சந்தேகப்பட்டால் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ராக்கர் கவரைத் திறந்து, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் இண்டிகேட்டர் வைத்து அளந்து ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம். கேமில் வால்வைத் தள்ளும் மேடான பகுதி (லோப்) ஒன்று தேய்ந்திருந்தால் அந்த வால்வு மட்டும் குறைவாக எழும்பும். அப்படியும் தெளிவாகவில்லை என்றால் ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கலாம். டாப்பெட் கெட்டிருந்தால் அதற்கப்புறம் குறுக்கு வழி இல்லை: வழக்கமான ஓ-320ல் டாப்பெட் உள்பக்கத்திலிருந்து சொருகியது, அதை வெளியே எடுக்க எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க் கேஸையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். கேஸ் பிரிந்தால் ஓவர்ஹால் பேச்சு வந்தே தீரும்.

அடுத்தது கம்ப்ரஷன். 80 பிஎஸ்ஐ கொடுத்து 60க்குக் கீழே காட்டினாலே சிலர் எஞ்சினுக்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். காற்று எங்கே கசிகிறது என்று காதால் கேளுங்கள். சைலன்சர் குழாயில் உஸ்ஸென்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் குழாயில் வந்தால் ரிங். ஒரு சிலிண்டரில் வால்வு மட்டும் போயிருந்தால் அந்தச் சிலிண்டரைக் கழற்றி ரிப்பேர் செய்தால் போதும். இன்று மலிவாகக் கிடைக்கும் போர்ஸ்கோப்பை ஸ்பார்க் பிளக் துளை வழியாக விட்டுப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வின் முகம் தெரியும். நிறம் நடுவிலிருந்து ஓரம் வரை வட்டமாக ஒரே சீராக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறி ஓரம் வெந்திருந்தால் அந்த வால்வு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஆயில் குடிப்பதைப் பற்றி ஒரு கணக்கு. லைகாமிங் அனுமதிக்கும் உச்ச அளவுக்கு ஒரு சூத்திரம் உண்டு: 0.006ஐக் குதிரைத்திறனால் பெருக்கி, 4ஆல் பெருக்கி, 7.4ஆல் வகுக்க வேண்டும். 150 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மணிக்கு கிட்டத்தட்ட அரை குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) வருகிறது. அது மேல் வரம்பு. அவ்வளவு குடித்தால் நானே கவலைப்படுவேன். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் போகிறது என்று யாரும் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். அளவை விட அது மாறும் வேகத்தைப் பாருங்கள். பத்து மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் குடித்த எஞ்சின் இரண்டே மாதத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆனால் உள்ளே ஏதோ நடக்கிறது.

இதெல்லாம் பார்த்து, பிரிக்கத்தான் வேண்டும் என்று ஆன பிறகுதான் எந்த வழி என்ற கேள்வி.

விளம்பரத்தில் வரும் பெயர்களைச் சட்டத்தின் கண்ணால் பாருங்கள். அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏவின் விதி 43.2ல் இரண்டே இரண்டு பெயருக்குத்தான் விளக்கம் இருக்கிறது. "ஓவர்ஹால்" என்றால் பிரித்து, கழுவி, சோதித்து, தேவையானதைச் சரிசெய்து, திரும்பக் கோத்து, அங்கீகரிக்கப்பட்ட அளவுகோல்படி ஓட்டிச் சோதித்தது. "ரீபில்ட்" என்றால் இதோடு கூட, எல்லாப் பாகமும் புதிய எஞ்சினுக்கு உரிய அளவுகளுக்குள், அல்லது அங்கீகரித்த ஓவர்சைஸ், அண்டர்சைஸ் அளவுகளுக்குள் இருக்க வேண்டும். ரீபில்ட் செய்து மணிக்கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் புது லாக் புக் கொடுக்கும் உரிமை, விதி 91.421ன்படி, தயாரிப்பாளருக்கும் அவர் அனுமதித்தவருக்கும் மட்டுமே. "ரீமேன்" என்று ஊரே சொல்கிறது. சட்டத்தில் அதற்கு விளக்கம் கிடையாது. "டாப் ஓவர்ஹால்" என்பது சிலிண்டர்களை மட்டும் பார்ப்பது, நம் ஊரில் பைக்குக்கு போர் செய்து தருவது போல. அடிப்பகுதியைத் தொடுவதில்லை, டிபிஓ கணக்கும் திரும்பத் தொடங்காது.

ஓவர்ஹால் என்ற அதே வார்த்தைக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன என்பதைத்தான் ஓனர்கள் கவனிப்பதில்லை. ஒன்று சர்வீஸ் லிமிட், இன்னொன்று நியூ லிமிட். லைகாமிங்கின் எஸ்எஸ்பி-1776 அளவு அட்டவணையில் ஒவ்வொரு பாகத்துக்கும் புதிதாக இருக்கும்போது என்ன அளவு, அதிகபட்சம் எவ்வளவு தேயலாம் என்று இரண்டு கணக்கும் இருக்கும். சர்வீஸ் லிமிட் ஓவர்ஹாலில், தேய்மானத்தின் கடைசி எல்லைக்கு ஒரு நூலிழை உள்ளே இருக்கும் பாகத்தையும் திரும்பப் போடலாம். சட்டப்படி சரி. லாக் புக்கில் "மேஜர் ஓவர்ஹால்" என்றுதான் எழுதுவார்கள். விலை சில ஆயிரம் டாலர் குறையும். அடுத்த 2000 மணி நேரத்துக்கு அந்தப் பாகத்திடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நான் என் வாடிக்கையாளர் யாருக்கும் சர்வீஸ் லிமிட் ஓவர்ஹாலைச் சிபாரிசு செய்ததில்லை, செய்யவும் மாட்டேன்.

கொட்டேஷன் வாங்கும்போது

போன வருஷம் ஒரு 172எம் ஓனர் மூன்று கொட்டேஷனை என் மேசையில் வைத்தார். எஞ்சின் ஓ-320-ஈ2டி, 150 குதிரைத்திறன். ஒன்று ஃபேக்டரி ரீபில்ட், எக்ஸ்சேஞ்ச் (நம் எஞ்சினைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்குவது). ஒன்று வேறு மாநிலத்து ஷாப்பில் தயாராக இருக்கும் ஓவர்ஹால் எஞ்சின், அதுவும் எக்ஸ்சேஞ்ச். மூன்றாவது, அவருடைய எஞ்சினையே அனுப்பிச் செய்து வாங்குவது. இரண்டாவதுதான் மலிவு. அவர் அதற்கே மனதைக் கொடுத்துவிட்டார்.

அந்த மலிவான தாளை வரிவரியாகப் படித்தோம். சிலிண்டர்: "ஓவர்ஹால் செய்யப்பட்டவை". எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடின என்று இல்லை. கேம்: "ரீகிரவுண்ட்", அதாவது பழைய கேமைத் திரும்பக் கடைந்தது. மேக்னிட்டோவும் கார்புரேட்டரும் சேர்த்தி இல்லை. லிமிட் எது என்று ஒரு வார்த்தை கூட இல்லை. கோர், அதாவது மாற்றாக நாம் கொடுக்கும் பழைய எஞ்சின், பற்றி அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: திருப்பி அனுப்பும் எஞ்சினின் கேஸோ கிராங்க் ஷாஃப்டோ உபயோகத்துக்கு ஆகாது என்றால் கூடுதல் கட்டணம். அந்தக் கூடுதலையும், விட்டுப்போன பாகங்களையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த மலிவு காணாமல் போயிற்று. இந்த எஞ்சின் அளவில், விமானத்தில் திரும்ப ஏற்றி ஓட்டும் வரை, மொத்தச் செலவு 30,000 டாலருக்குக் குறைந்து முடிவதை இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை. அதற்குக் கீழே ஒரு தொகை சொன்னால் எதை விட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

எந்த ஷாப்பாக இருந்தாலும் எழுத்தில் கேட்க வேண்டியவை: லிமிட் நியூவா, சர்வீஸா? சிலிண்டர் புதிதா, பழையதா? கேமும் டாப்பெட்டும் புதிதா? கிராங்க் ஷாஃப்ட் என்ன அளவில் திரும்ப வருகிறது (0.003, 0.006, 0.010 அங்குலம் என்று குறைத்திருப்பார்கள், 0.010 வரை கடைந்தால் திரும்ப நைட்ரைட் செய்து மேற்பரப்பைக் கடினமாக்கியாக வேண்டும்)? கேஸில் வெல்டிங் இருக்கிறதா? சர்வீஸ் புல்லட்டின் 240ல் கட்டாயம் மாற்றச் சொன்ன ரிங், ராட் போல்ட், பேரிங், சீல் எல்லாம் மாற்றப்படுமா? எந்த ஏடிக்கள் (எஃப்ஏஏ கட்டாயமாக்கும் பாதுகாப்பு உத்தரவுகள்) முடிக்கப்பட்டன, உதாரணத்துக்கு ஆயில் பம்ப் பற்றிய 96-09-10? டெஸ்ட் செல்லில் (எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் அறை) ஓட்டினார்களா, அதன் தாள் தருவார்களா? வாரண்டி எஞ்சின் ஷாப்பை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்தா, முதன்முதல் ஓட்டும் நாளிலிருந்தா? கழற்றி மாட்டும் கூலியும் லாரி வாடகையும் வாரண்டியில் அடங்குமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எஞ்சினைக் கழற்றி, பெட்டி கட்டி, அனுப்பி, திரும்ப வாங்கி மாட்டுவதற்கே ஒரு நல்ல தொகை ஆகிவிடும். "பாகம் இலவசம்" என்பது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எக்ஸ்சேஞ்ச் எஞ்சினில் எனக்குள்ள முக்கியமான தயக்கம் விலை இல்லை. உங்கள் எஞ்சினின் கேஸும் கிராங்கும் எங்கே எப்படி ஓடின என்று உங்கள் லாக் புக் சொல்லும். புரொப்பல்லர் தரையில் அடித்ததா, அடித்த பிறகு ஏடி 2004-10-14 சொல்லும் சோதனை நடந்ததா என்று தெரியும். வருகிற எஞ்சினின் கேஸுக்கு முன்கதை உங்கள் கையில் இருக்காது. நல்ல சரித்திரம் உள்ள கேஸையும் கிராங்கையும் கோர் என்று கொடுத்துவிட்டு, முகம் தெரியாத ஒன்றை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. 172எம் ஓனரும் கடைசியில் தன் எஞ்சினையே அனுப்பினார்: நியூ லிமிட், நாலு புதுச் சிலிண்டர், புதுக் கேம், புது டாப்பெட். விமானம் பல மாதம் ஹேங்கரில் நின்றது. அந்தக் காத்திருப்புதான் இந்த வழியின் உண்மையான விலை.

ஆனால் ஃபேக்டரி வழி சரியாக வரும் ஆட்களும் உண்டு. விமானத்தைப் பயிற்சிப் பள்ளிக்கு லீஸ்பேக்காக, அதாவது வாடகைக்கு, விட்டிருந்தால் நின்ற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். எஞ்சின் கையிருப்பில் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் சில நாளில் வேலையை முடிக்கும். உங்கள் கேஸில் விரிசல் வந்திருந்தாலோ, பழைய நேரோ டெக் எஞ்சினாக (சிலிண்டரின் அடிப்பட்டை வேறு மாதிரியான பழைய வகை) இருந்தாலோ கணக்கு மாறும். நேரோ டெக்குக்குச் சிலிண்டர் தேடுவதே பெரும்பாடு. சீரியல் எண்ணின் கடைசியில் ஏ என்ற எழுத்து இருந்தால் அது பின்னால் வந்த வைட் டெக் வகை. இன்னொன்று ரோலர் டாப்பெட்: லைகாமிங் இப்போது தன் வில்லியம்ஸ்போர்ட் ஃபேக்டரியிலிருந்து அனுப்பும் பல எஞ்சின்களில் அது வருகிறது. டாப்பெட் உரசாமல் உருள்வதால் கேம் தேய்மானம் குறையும். உங்கள் பழைய கேஸில் அதைப் போட முடியாது, கேஸே வேறு. மாதத்துக்கு ஒரு தடவைதான் பறப்பேன், வீடு கடலோரம் என்கிற ஆளுக்கு, பணம் இருந்தால், நான் ரோலர் எஞ்சினைத்தான் சொல்வேன்.

1977க்கும் 1980க்கும் இடையில் வந்த 172என் வைத்திருந்தால் உங்கள் எஞ்சின் ஓ-320-எச்2ஏடி. இதன் கேம், டாப்பெட் பிரச்சினை பிரசித்தம். ஏடி 80-04-03 அதற்காகவே வந்தது, லைகாமிங்கின் எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானத்தை ஆயிலில் கட்டாயமாக்கியது. ஏரோஷெல் 15டபிள்யூ-50யிலும் டபிள்யூ100 பிளஸ்ஸிலும் அது ஏற்கெனவே கலந்து வருகிறது. ஒரு நன்மை: இதன் டாப்பெட்டைக் கேஸ் பிரிக்காமலே வெளியே எடுத்துப் பார்க்கலாம். ஓவர்ஹாலுக்கு இந்த எஞ்சினையே பல தடவை செய்த ஷாப்பாகப் பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் ஏ அண்ட் பி (எஃப்ஏஏ சான்றிதழ் பெற்ற) மெக்கானிக்கே ஹேங்கரில் செய்து தருகிறேன் என்றால்? சட்டம் அனுமதிக்கிறது. சூப்பர்சார்ஜரோ ரிடக்‌ஷன் கியரோ இல்லாத ஓ-320 ஓவர்ஹால் பார்ட் 43ன்படி மேஜர் ரிப்பேர் கணக்கில் வராது. கேஸையும் கிராங்கையும் அதற்கான ஷாப்புக்கு அனுப்பி, பாகம் உபயோகத்துக்குச் சரி என்று அவர்கள் சான்று சொல்லும் 8130-3 படிவத்தோடு வாங்கி, கோப்பதை அவர் செய்வார். கை சுத்தமான, லைகாமிங் ஓவர்ஹால் மேனுவல் 60294-7ஐப் பக்கத்தில் திறந்து வைத்து டார்க் ரெஞ்சோடு உட்காருகிற ஆளாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். கடைசியாக எப்போது ஒரு முழு எஞ்சினைக் கோத்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சின் கழன்று கிடக்கும் நேரத்தில் மற்றவற்றையும் முடித்துவிடுங்கள்: ரப்பர் மவுண்ட், ஹோஸ், பேஃபிள் ரப்பர், மவுண்ட் சட்டத்தில் விரிசல் சோதனை. பழைய எஞ்சின் உலோகம் கக்கியிருந்தால் ஆயில் கூலரைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். அதன் மடிப்புகளுக்குள் மாட்டிய துகள் ஒரு நாள் புது எஞ்சினுக்குள் வரும்.

ஏற்றிய பிறகு முதல் 50 மணி நேரம்

ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தி உட்கார அழுத்தம் வேண்டும். அதனால் சேர்மானம் இல்லாத மினரல் ஆயில் ஊற்றி (எச்2ஏடிக்கு மட்டும் எல்டபிள்யூ-16702ஐச் சேர்த்து), 75 சதவீதம் பவரிலும் அதற்கு மேலும் பறக்க வேண்டும். ஆயில் குடிப்பது நிலைக்கு வரும் வரை, அல்லது 50 மணி நேரம் வரை. லைகாமிங்கின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1427ஐ அச்செடுத்துக் காக்பிட்டில் வையுங்கள். புது எஞ்சின் என்று மென்மையாக ஓட்டினால் சுவர் பளபளத்துப் போய் ரிங் உட்காரவே உட்காராது. தரையில் நீண்ட நேரம் ஓட விடுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், அதிகாலையில் பறங்கள், சிலிண்டர் ஹெட் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டச் அண்ட் கோ (தரை தொட்டவுடனே மறுபடி எழும்புவது) வேண்டாம். முதல் சில மணி நேரம் ஏர்போர்ட்டுக்கு மேலேயே வட்டமடியுங்கள். புதிதாகக் கோத்த எஞ்சினில் கோளாறு இருந்தால் அது பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தலைகாட்டும்.

ஃபில்டரை நான் 10 மணி நேரத்தில் ஒரு முறை, 25ல் ஆயிலோடு ஒரு முறை கழற்றி வெட்டிப் பார்ப்பேன். முதல் ஃபில்டரில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், அது சகஜம். இரண்டாவதில் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அன்றைக்கே ஷாப்புக்கு ஃபோன் செய்யுங்கள், ஃபில்டர் காகிதத்தை ஒரு பையில் போட்டுத் தேதியும் மணிக்கணக்கும் எழுதி வையுங்கள். வாரண்டி பேசும்போது அதுதான் சாட்சி.

பிறகு மாதம் ஒரு தடவையாவது, ஆயில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும்படி பறங்கள். பறக்க நேரமில்லை என்று ஹேங்கர் வாசலில் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தாதீர்கள். ஆயில் சூடேறாமல் உள்ளே ஈரம் மட்டும் சேரும், அது போய் உட்காரும் இடம் நீங்கள் இப்போதுதான் பணம் கொடுத்து மாற்றிய கேம்.